ஈர்க்கில் வந்த கால்

போன வாரம் நம் ஷூக்கடைக்கு வந்திருந்தேன். வேலை ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்றவனின் கால் தானாகப் போகிற இடம் அதுதான். அப்போது ஒரு பெண் உள்ளே வந்து, கிராஸ் டிரெய்னிங்குக்கு ஷூ வேண்டும் என்றார். கடையில் வேலை பார்க்கிற உங்களில் ஒருவர், பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன், நடு அலமாரியைக் காட்டி, "இந்த வரிசை பூரா அதுதான் மேடம்" என்று சொல்லிவிட்டுச் செல்போனுக்குள் போய்விட்டார். அந்தப் பெண் நிறத்தைப் பார்த்து ஒன்றை எடுத்தார், பணத்தைக் கட்டினார், போனார். அவருடைய காலை யாருமே பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். பழக்கதோஷம். இடது குதிகால் உட்பக்கம் சாய்கிற கால் அது. அவர் எடுத்துப் போனதோ பக்கவாட்டில் பிடிப்பே இல்லாத ஷூ. இன்னும் ஆறு மாதத்தில் முழங்கால் வலிக்கிறது என்பார். பழி ஷூவின் மேல் விழும், பிறகு கடையின் மேல் விழும். இதை இப்போதைய முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப அதையெல்லாம் எழுதிக் குடுங்க, பிள்ளைங்க படிக்கட்டும்" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முப்பத்தைந்து வருஷம் குந்தி உட்கார்ந்து ஊரார் காலைப் பார்த்தவன் நான். எனக்குப் பென்ஷன் கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டு முழங்காலிலும் வலி இருக்கிறது, மாதம் தவறாமல் வருகிறது. குறையொன்றும் இல்லை. நல்ல தொழில் செய்தேன், நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். எப்படிப் பெட்டி அடுக்குவது, எப்படி ரசீது போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு.

எழுபதுகளில் நான் சேர்ந்தபோது பெண்களுக்கான விளையாட்டு ஷூ என்று தனியாக எதுவும் காரைக்காலில் கிடையாது. பையன்களுடைய கேன்வாஸ் ஷூவில் சின்ன நம்பர் எதுவோ, அதுதான் பெண்களுக்கு. அதுவும் பள்ளிக்கூடத்தில் அணிவகுப்பு நடந்தால்தான் விற்கும். மற்றபடி பெண்கள் கடைப்படி ஏறுவதே குறைவு. அவர்களுடைய கால் மட்டும் வரும், ஈர்க்காக.

சிரிக்காதீர்கள். அப்போது வழக்கம் அதுதான். வீட்டு விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, குதிகாலிலிருந்து விரல் வரை வைத்துப் பார்த்து ஒடித்து, அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு புருஷனோ அண்ணனோ கடைக்கு வருவார். சில பேர் பையில் நாலு ஈர்க்கு இருக்கும். மனைவியுடையது எது, அம்மாவுடையது எது என்று அவர்களுக்கே குழம்பிவிடும். நாங்கள் ஈர்க்கை அளவுப் பலகையில் வைத்து நம்பர் சொல்லுவோம். நான் பலகைக்குக்கூடப் போவதில்லை. கையில் வாங்கியதுமே, "நாலு", "அஞ்சு" என்று அடித்துவிடுவேன், பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தத் திறமைக்காக எனக்குக் கடைத்தெருவில் கொஞ்சம் பெயர் இருந்தது. பெயரைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கர்வம் இருந்தது.

அந்தக் கர்வத்தை முதலில் தட்டியவர் ஒரு பெண்கள் பள்ளியின் விளையாட்டு டீச்சர். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம் இருக்கும். பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கு ஒரே ஒரு ஜோடிதான், அதைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டம், நீளந்தாண்டுதல், கோ-கோ எல்லாம் என்றார். நீங்கள் இப்போது கிராஸ் டிரெய்னிங் என்கிறீர்களே, அதேதான். பெயர் மட்டும் அப்போது எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. புதிதாக வந்திருந்த ஒரு ஷூவை எடுத்துக் காட்டினேன். அடிப்பாகம் கனமாக, அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கும். எனக்கே போட்டுக்கொள்ள ஆசையாக இருந்தது. அதையே வாங்கிப் போனார்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஷூவை மேஜைமேல் வைத்துப் பக்கவாட்டில் ஒரே ஒரு விரலால் தள்ளினார். அது கவிழ்ந்தது.

"நேரா ஓடிக்கிட்டே இருக்கறவங்களுக்கு இது நல்ல ஷூதாங்க. எம் பிள்ளைங்க திரும்பணும்ல" என்றார்.

கோ-கோவில் வெட்டித் திரும்பும்போது ஒரு பிள்ளைக்குக் கணுக்கால் பிசகிவிட்டதாம். அந்த டீச்சரின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து யாராவது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஷூ வேண்டும் என்றால், முதலில் விரலால் தள்ளிப் பார்ப்பேன். அடி தட்டையாக, அகலமாக இருக்க வேண்டும். முன்பக்கம் மடங்க வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. குதிகாலைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். மிச்சமெல்லாம் நிறம்தான்.

இதைக் கற்றுக்கொண்டதும் இனி நமக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனையும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். காரைக்கால்மேட்டிலிருந்து ஒருவர் வந்தார். படகுக்குப் போகிறவர், முப்பது வயதிருக்கும். சட்டைப்பையில் ஒரு ஈர்க்கு. "வூட்ல அவளுக்கு ஷூ வேணுங்க" என்றார்.

"செருப்பா?" என்றேன்.

"இல்லீங்க, ஷூதான். ஓடுறதுக்கு."

"எங்க ஓடப் போறாங்க?" என்று கேட்டு நானே சிரித்தேன். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நிதானமாகச் சொன்னார். மனைவி பெயர் அஞ்சலை. படிக்கிற காலத்தில் ஓட்டத்தில் அவளை அடிக்க ஆள் கிடையாது. இப்போது விளையாட்டு டீச்சர் பயிற்சிக்கு மனுப் போட்டிருக்கிறாள். பாண்டிச்சேரியில் தேர்வு. ஒரே காலையில் நூறு மீட்டர் ஓட வேண்டும், நீளம் தாண்ட வேண்டும், குண்டு எறிய வேண்டும், கோ-கோவும் ஆடிக் காட்ட வேண்டும். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வருஷம்.

"இந்த ஒரு தடவைதான், கெடைக்கலன்னா மறுபேச்சுப் பேசாம மீன்கூடையத் தூக்கணும்னு எங்கம்மா சொல்லிட்டாங்க. அவளும் சரின்னுட்டா" என்றார்.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. "அவங்கள ஒரு நடை அழைச்சிட்டு வாங்களேன்" என்றேன்.

"நான் நாளைக்குக் கடலுக்குப் போறேங்க. எங்கம்மா கையால அளந்து ஒடிச்சுக் குடுத்தது, தப்பாது."

ஈர்க்கைக் கையில் வாங்கினேன். அஞ்சு. அப்போது இருந்த சரக்கிலேயே தட்டையான, குதிகால் கெட்டியான கேன்வாஸ் ஷூவாகப் பார்த்து எடுத்து, விரலால் தள்ளிப் பார்த்துக் கொடுத்தேன். அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். நல்ல வேலை செய்தோம் என்று அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

மூன்று வாரம் போனது. ஒரு சந்தை நாள், கடையில் நிற்க இடமில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல், கையில் துணி மூட்டை, பின்னால் தலையைக் குனிந்தபடி இளம்பெண் ஒருத்தி. மூட்டையை அவிழ்த்து ஷூவை மேஜைமேல் போட்டார்.

"தம்பி, எம் மருமவளுக்கு நீங்க குடுத்த ஷூ இது. போட்டு ஓடுனா நொண்டுறா. வெறுங்காலோட மணல்ல ஓடுறப்ப மான் மாரி ஓடுனவ. வியாழக்கெழம பாண்டிச்சேரில பரிச்சை. இன்னும் நாலே நாள். என்ன பண்ணலாம், சொல்லுங்க."

அஞ்சலையை ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். காலைக் காட்டச் சொன்னேன். காட்டவில்லை. புடவை ஓரத்தை இழுத்துவிட்டுக் காலை ஸ்டூலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "எங்கங்க வலிக்குது?" என்று கேட்டேன். "பரவால்லங்க" என்றாள். வலி எங்கே என்றால் பரவாயில்லை என்று பதில் வருகிற தொழில் நம்முடையது ஒன்றுதான். வைத்தியரிடம்கூட இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

புடவை விலகிய நேரத்தில் மெட்டி மட்டும் மின்னியது. எனக்கு அது போதும். கூட்டம் வேறு, ஆளாளுக்குக் கூப்பிடுகிறார்கள். சட்டென்று தீர்ப்புச் சொன்னேன்.

"மெட்டிதாங்க அழுத்துது. ஓடுறப்ப மட்டும் அதக் கழட்டி வெச்சிடச் சொல்லுங்க."

அந்த அம்மாவின் முகம் மாறியது. குரலை உயர்த்தவில்லை. ஆனால் மீன் ஏலத்தில் விலை சொல்லிப் பழகிய குரல், உயர்த்தாமலே வாசல்வரை கேட்டது.

"எம் மவன் கடல்ல கெடக்கான். அவன் போட்டுவிட்ட மெட்டியக் கழட்டச் சொல்றீங்க. உங்க வூட்டுப் பொண்ணுகிட்ட இப்புடிச் சொல்லுவீங்களா?"

கடையே திரும்பிப் பார்த்தது. கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வந்தார். நம் இப்போதைய முதலாளியின் வாப்பா. நாகூரிலும் சிங்கப்பூரிலும் வியாபாரம் பார்த்துவிட்டு வந்த மனிதர், அனாவசியமாக ஒரு சொல் பேச மாட்டார்.

"மன்னிச்சுக்கங்கம்மா, அவன் சின்னப் பய" என்றார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பிறகு என் பக்கம் திரும்பிக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "தம்பி, நாம ஷூவ மாத்தத்தான் கடை வச்சிருக்கோம். கால மாத்துறதுக்கு இல்ல. ஷூவப் பாரு."

பிள்ளைகளே, அடுத்த ஐந்து நிமிஷத்தைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஷூவை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனேன். உள்ளே இருக்கும் மெத்தைத் துணியை உரித்து வெளியே எடுத்தேன். மூன்று வாரம் வியர்வையோடு ஓடிய காலின் தடம் அதில் அப்படியே இருந்தது. குதிகால், பாதம், ஐந்து விரல்கள். மெட்டி பட்ட இடமும் தெரிந்தது. அங்கே துணி தேயவேயில்லை. மெட்டி ஒரு பாவமும் செய்யவில்லை. பெருவிரலின் தடத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம்கூட மிச்சமிருந்தது. ஆனால் அதற்கு அடுத்த விரலின் தடம் ஷூவின் நுனிச் சுவரில் போய் முட்டி, மடங்கி, அங்கே துணி பிய்ந்து, காய்ந்த இரத்தம் ஒரு பொட்டு அளவுக்கு ஒட்டியிருந்தது.

அவளுக்கு இரண்டாவது விரல் பெருவிரலைவிட நீளம். ஈர்க்கு பெருவிரலோடு ஒடிந்திருந்தது. ஐந்தாம் நம்பர் அவளுக்குப் போதாது.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் உள்ளே ஓடினேன். "அம்மா, மெட்டி இல்லீங்க" என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா, "பின்ன என்ன?" என்று கேட்டார். அப்போது அஞ்சலை என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, ஸ்டூலுக்கு அடியில் இருந்த காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

எனக்கு வாயில் இருந்த வார்த்தை அப்படியே நின்றது. காரணம் இருக்கிறது. என் அக்காவைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், கொடுத்த காபியைக் குடித்து முடிக்கும் முன்னால் அவள் காலைப் பார்த்தார்கள். பெருவிரலைத் தாண்டி அடுத்த விரல் நீண்டிருந்தால் அந்தப் பெண் புருஷனை அடக்கி ஆள்வாள், மாமியாரை மூலையில் உட்கார வைப்பாள் என்பது நம் பக்கத்துப் பேச்சு. "வெரல் நீளமா இருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. எனக்கு அப்போது பதிமூன்று வயது. அந்த வீட்டாரை இன்றுவரை எனக்குப் பிடிக்காது.

இப்போது என் எதிரே ஒரு மாமியார் நிற்கிறார். மருமகள் அந்த விரலை மடக்கி மடக்கி மறைத்துக் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். மடக்கிய விரலோடுதான் அளவு கொடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் ஷூ சரியாகிவிடும், வீட்டில் என்ன ஆகும் என்று தெரியாது. சொல்லாமல் விட்டால் வியாழக்கிழமை போய்விடும், பிறகு மீன்கூடைதான். கடை முழுக்கக் கண்ணும் காதுமாக நிற்கிறது. யோசிக்க நேரம் இல்லை.

"இந்தத் தடவ வந்த சரக்குல நம்பர் சின்னதா வந்துருச்சுங்க" என்றேன். "அஞ்சுன்னு போட்டிருக்கும், உள்ள நாலரைதான் இருக்கும். கம்பெனிக்காரன் தப்பு. உங்க ஈர்க்கு சரியாத்தான் இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் முதலாளி பக்கத்திலேயே நிற்பது உறைத்தது. சரக்கைப் பற்றிப் பொய் சொன்ன ஒருவனை அதற்கு முந்தைய வருஷம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். என் கையில் இருந்த மெத்தைத் துணியைப் பார்த்தார். அதில் இருந்த தடத்தைப் பார்த்தார். அஞ்சலையின் பக்கம் அவர் பார்வை போகவேயில்லை.

"ஆமாம்மா. கம்பெனிக்குப் புகார் எழுதிப் போட்டிருக்கோம்" என்றார். பிறகு கல்லாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பொய் சொல்லலாம் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. முப்பத்தைந்து வருஷத்தில் சரக்கைப் பற்றி நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஒரு வாடிக்கையாளரின் உடம்பைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவருக்கும் நமக்கும் நடுவில் இருக்க வேண்டியது. கூட வந்தவர் புருஷனாக இருந்தாலும் சரி, பெற்ற தாயாக இருந்தாலும் சரி. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, அந்த ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டேன்.

ஆறாம் நம்பரை எடுத்தேன். அஞ்சலை திரும்பி உட்கார்ந்து போட்டுக்கொண்டாள். எழுந்து நிற்கச் சொன்னேன். உட்கார்ந்திருக்கும் கால் வேறு, பாரம் தாங்கி நிற்கும் கால் வேறு. நின்று பார்க்காமல் ஷூ கொடுக்கவே கூடாது. இனி நுனியில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமாக நான் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பேன். அன்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எந்த வெரல் முன்னால இருக்கோ, அதுக்கு முன்னால ஒரு வெரல் அளவு எடம் இருக்கான்னு நீங்களே அமுக்கிப் பாருங்க. என்கிட்ட சொல்ல வேணாம். சரின்னா தலைய ஆட்டுங்க" என்றேன்.

குனிந்து அமுக்கிப் பார்த்தாள். நிமிர்ந்து தலையை ஆட்டினாள். அப்போதுதான் முதல்முறையாக அவள் முகம் தெளிந்தது.

அத்தோடு முடியவில்லை. நீளத்துக்கு ஆறு சரி என்றால் குதிகாலுக்கு ஆறு பெரிது. குதிகால் வழுகினால் தாண்டும்போது கால் ஷூவுக்குள்ளேயே நழுவும், குண்டு எறியச் சுழலும்போது பிசகும். கடைக்குள் நாலு எட்டு நடந்து பார்த்தால் இது தெரியாது. கொல்லைப்பக்கம் கிடங்கு முற்றத்துக்கு அனுப்பினேன். அஞ்சலை புடவையை வரிந்து கட்டிக்கொண்டாள். மாமியார் முற்றத்து வாசலில் குறுக்கே நின்றுகொண்டு யாரையும் எட்டிப் பார்க்க விடவில்லை. என்னையும்தான். அந்தப் பக்கம் ஓடுகிற சத்தம், குதிக்கிற சத்தம், நடுநடுவே மாமியாரின் வாய்வழியே தகவல்.

"ஓடுனா நல்லாருக்காம். குதிச்சா பின்னாடி கழளுதாம்."

கம்பளித் துணியில் பிறை மாதிரி இரண்டு துண்டு வெட்டிக் குதிகாலில் ஒட்டினேன். லேஸை மேல் துளையில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கக் கட்டச் சொன்னேன். மறுபடி ஓட்டம், மறுபடி குதி. "இப்ப கழளலயாம்." அடுத்தது குண்டு. குண்டுக்கு எங்கே போவது? அந்த அம்மாவே பக்கத்து மளிகைக்கடைக்குப் போய் ஐந்து கிலோ எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பொறவு தர்றேன்யா, எங்க ஓடிடப் போறேன்" என்று அந்தக் கடைக்காரரை அதட்டுவது எங்களுக்குக் கேட்டது. எடைக்கல்லை எறிய விடவில்லை, கையில் ஏந்திக்கொண்டு சுழன்று மட்டும் பார்த்தாள். அதையும் சரி என்றாள்.

போகும்போது ஒரு விஷயம் கட்டாயமாகச் சொல்லி அனுப்பினேன். உங்களுக்கும் சொல்கிறேன். தேர்வன்றைக்கு முதல்முறையாகப் புது ஷூவைப் போடக் கூடாது. நாலு நாளும் வீட்டில் சமைக்கும்போதும் தண்ணீர் எடுக்கும்போதும்கூட அதைப் போட்டுக்கொண்டே இருக்கச் சொன்னேன். காரைக்கால்மேட்டில் ஷூ போட்டுக்கொண்டு குழம்பு வைத்த முதல் பெண் அஞ்சலையாகத்தான் இருப்பாள்.

அதற்குப் பிறகு எனக்கு வியாழக்கிழமைவரை வேலை ஓடவில்லை. வியாழக்கிழமைக்குப் பிறகும் ஓடவில்லை. அங்கே என்ன ஆயிற்று என்று சொல்ல ஆள் வரவில்லை. ஆறு தவறோ, கம்பளி உரிந்துவிட்டதோ, தாண்டும்போது விழுந்தாளோ என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். முதலாளி ஒருநாள், "கம்பெனிக்குப் புகார் எழுதிட்டியா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். காலை பத்து மணி, கடையில் கூட்டம் இல்லை. அந்த அம்மா தனியாக வந்தார். வெறுங்கூடையை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்து, அஞ்சலை உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கெடைச்சிருச்சு தம்பி" என்றார். "நீளந்தாண்டுறதுல இவதான் மொதல்ல வந்தாளாம். அடுத்த மாசம் சேரணும்."

ரொம்ப சந்தோஷங்க என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன்.

"கம்பெனிக்குப் புகார் எழுதுனீங்களே, பதிலு வந்துச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் வரலீங்க."

"வராது" என்றார். "மெட்டி போடறப்ப அம்மி மேல கால வெச்சாளே, அப்பவே பாத்துட்டேன் தம்பி. ரெண்டாவது வெரலு நீளம்னு. எம் மவனும் பாத்தான். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிடல."

கல்யாணத்தில் அம்மிமேல் வைத்த காலை ஊரே பார்த்திருக்குமே! இந்தச் சின்ன விஷயம் எனக்கு அன்று தோன்றவேயில்லை.

"அப்ப ஈர்க்கு?" என்றேன்.

"நாந்தான அளந்தேன். அந்த வெரலு வரைக்கும் ஒடிச்சிருந்தா, நான் பாத்துட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும். பாவம், ஏழு வருசமா எம் முன்னாடி அத மடக்கி மடக்கி வெச்சுக்கிட்டுத் திரியிறா. நானும் பாக்காத மாரியே இருந்துட்டேன். அதான் கட்டவெரலோட ஒடிச்சிட்டேன். துணி ஷூதான, இழுத்துக் குடுக்கும்னு நெனச்சேன்."

ஆக, தப்பு ஈர்க்கில் இல்லை, மடக்கிய விரலிலும் இல்லை. மருமகளை நோகடிக்கக் கூடாது என்று ஒரு மாமியார் காட்டிய தயவுதான் அவள் விரலில் இரத்தம் கசிய வைத்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலைப் பார்த்து வேலை செய்கிறவனுக்கு ஒரு வசதி, தலையைக் குனிந்தே வைத்துக்கொள்ளலாம். குனிந்தபடியே, "அவங்ககிட்ட இப்பவாவது சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். அங்க மைதானத்துல ஒரு மரத்தடில உக்காந்திருந்தோம். அடுத்து இவ பேருதான். பொட்டிலேர்ந்து ஷூவ எடுக்கறா, வெரலு மடங்கியேதான் இருக்கு. எனக்குத் தாங்கல. அடியே, எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்டி, அடக்கி ஆளுறதுன்னா ஆண்டுட்டுப் போ, அந்த வூட்ட யாராச்சும் ஆளத்தான வேணும், வெரல நீட்டிக்கிட்டு ஓடுன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"எம் மூஞ்சியவே பாத்தா. அப்பறம் ஷூவ மாட்டுறதுக்கு எம் முன்னாடி கால நீட்டுனா. ஏழு வருசத்துல அன்னைக்குத்தான் நீட்டுனா."